ஓட்ஸுக்கு ஏற்ற இடம்

நாய்களுக்கு அனுமதி உண்டு என்று ஒரு முகாமில் பலகை வைத்திருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் அதற்குப் பொருள், நாயைக் காரிலிருந்து இறக்கலாம் என்பது மட்டுமே. கரைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மனிதர்கள் குளிக்கும் பக்கம் வரக் கூடாது. கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ஏரிக்காக நெடுந்தூரம் வந்த நாய், ஏரியின் வாசனையை மட்டும் மோந்துகொண்டு, சாப்பாட்டு மேசையின் காலில் கட்டுண்டு கிடக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன். பேசத் தொடங்குவதற்கு எனக்கு நேரமாகும். தொடங்கிவிட்டால் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். காபிக்கு நன்றி. இடது கையால் குடிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஒரு பள்ளியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லோர்னா என் மனைவியாக இருந்தாள். ஓட்ஸ் எங்கள் நாய். டுவேன் லோர்னாவின் வாழ்க்கையில் எனக்குப் பின் வந்தவர். இந்த விஷயத்தில் வேறு யாருக்கும் பங்கில்லை.

நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அதை லோர்னாவே நீதிபதியிடம் சொன்னாள். ஒருநாள் இரவு உணவின்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உன்கூட சாப்பிட உக்காந்தா எனக்கு என் பல்லு மெல்லுற சத்தம் கேக்குது, ஆர்விட்," என்றாள். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைப்பதற்குள் அந்தக் குளிர்காலம் முடிந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

வீட்டை அவள் எடுத்துக்கொண்டாள், புத்தகங்களை நான். ஓட்ஸை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது பலரும் செய்வதுதான்: ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டிகளை அருகருகே நிறுத்தி, அவனையும் அவன் படுக்கையையும் மாத்திரை டப்பாவையும் கைமாற்றுவோம். அவன் வெளிர்மஞ்சள் நிறம், முகம் மட்டும் நரைத்துவிட்டது. பின்னங்கால் மூட்டில் வலி.

அந்த வாகன நிறுத்துமிடத்தில்தான் டுவேனை முதலில் பார்த்தேன். அயோவாக்காரர். கூரை வேய்கிற தொழில். என்னைவிட இளையவர், நல்ல உடற்கட்டு, எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "பெரியவரே, உங்க புள்ளய ஒரு வாரம் நல்லா கெடுத்து வச்சிருக்கேன். இனி உங்க பாடு," என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். ஓட்ஸை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டேய் கஞ்சி, இங்க வாடா என் கஞ்சிப் பயலே," என்பார். ஓட்ஸ் வால் மட்டுமல்ல, இடுப்பே ஆட ஓடுவான். அதில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. சத்தமாகக் கூப்பிட்டால் எந்த நாயும் அப்படித்தான் செய்யும். என் வீட்டில் அவன் அமைதியாக இருப்பான். நான் படிக்கும்போது கதவருகே படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் காவல் காப்பதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

கோடையின் நடுவில் ஒரு ஞாயிறு, லோர்னா வண்டியிலிருந்து இறங்கி என் ஜன்னலருகே வந்தாள்.

"ஆர்விட், நாங்க அரிசோனாவுக்குப் போயிடலாம்னு இருக்கோம். டுவேனோட அண்ணன் அங்க இருக்காரு. குளிர்காலத்துக்கு முன்னாடியே கெளம்பிடுவோம்."

நான் என்ஜினை அணைத்தேன்.

"ஓட்ஸ் மூட்டுக்கு அந்த வெயில் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு வீட்டுக்கு அலையற வயசில்ல அவனுக்கு. அதனால..." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ வேண்டாம்னா சொல்லு. இப்பவே சொல்லு. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். ஒரு பெண் தள்ளுவண்டி நிறையப் பூந்தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. சொல்லாமல் இருந்தால் எதிராளியே புரிந்துகொண்டு விலகிவிட வேண்டும். லோர்னா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நன்றி," என்று அவள் என் தோளைத் தொட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "நீ இத இப்படித்தான் எடுத்துக்குவேன்னு எனக்குத் தெரியும்."

பின்னாலிருந்து டுவேன் எட்டிப்பார்த்தார். "பெரியவரே, போறதுக்கு முன்னாடி பெரிய ஏரிய இவனுக்குக் கடைசியா ஒரு தடவ காட்டணுமாம். நாய வச்சுட்டு நிம்மதியா இருக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க. இதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லன்னு லோர்னா சொல்றா."

"தேடிப் பார்க்கிறேன்," என்றேன்.

தேடினேன். உண்மையாகவே அக்கறையோடு தேடினேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அரசாங்கப் பூங்காக்களை முதலிலேயே விலக்கினேன். அங்கே காவலர்கள் ஓயாமல் சுற்றி வருவார்கள், ஓட்ஸுக்குச் சீருடை பிடிக்காது. டுலூத்துக்கு அருகில் உள்ளவற்றில் கூட்டம் அதிகம். பிற நாய்கள் மேலே பாய்ந்தால் அவன் மூட்டு தாங்காது. கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடம் நல்லது என்று நினைத்தேன். ஓய்வென்றால் ஓய்வாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் வடகரையில் ஹார்ன் ஆறு ஏரியில் சேரும் இடத்து முகாம் மிஞ்சியது. சிறிய இடம். கரையில் கயிறில்லாமல் நாயை விடலாம். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடுமுறை முடிந்ததும் முகாமைப் பார்த்துக்கொள்ளும் கணவனும் மனைவியும் தங்கள் வண்டி வீட்டை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதன்பின் பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் தங்கலாம். யாரும் தங்குவதில்லை.

இன்னொன்றும் இருந்தது. மழைக்குப் பிறகு அந்த ஆறு கரையோரத் தண்ணீரை அப்படியே ஏரிக்குள் இழுத்துப் போகும். நிலத்திலிருந்து காற்று தொடர்ந்து வீசினால் மேலே இருக்கும் இதமான தண்ணீர் விலகி, ஏரியின் அடியிலிருக்கும் குளிர் மேலே வரும். நேற்று குழந்தைகள் குளித்த இடத்தில் இன்று கணுக்கால் வைத்தால் எலும்பு வலிக்கும். இதெல்லாம் எங்கள் கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. அயோவாவில் ஏரி என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குட்டை.

என் முறை வந்த வாரங்களில் ஓட்ஸை அங்கே கூட்டிப்போய்ப் பழக்கினேன். அவனை ஆற்றின் இக்கரையில் விட்டுவிட்டு, சுற்றிப் போய் அக்கரையில் நின்று விரலை வாயில் வைத்துச் சீட்டி அடிப்பேன். அவன் நீந்தி வந்தால் புகைபோட்ட மீனின் தோல் கொடுப்பேன். நீச்சலில் அவன் மூட்டுக்குப் பாரம் இல்லை, சந்தோஷமாக வருவான். அவனுக்காக ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். ஆரஞ்சு நிறம், முதுகில் தூக்குவதற்குக் கைப்பிடி வைத்தது. இருப்பதிலேயே தரமானது. ஆறு அவனை ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனாலும் அவன் தக்கைபோல மிதப்பான். நான் என் அலுமினியப் படகில் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். ஓட்ஸின் உயிரை நான் ஒருபோதும் பணயம் வைக்கவில்லை.

பயணத்துக்கு முன் அந்த ஜாக்கெட்டை அவர்களிடம் கொடுத்தபோது டுவேன் அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். "நாய்க்கு இருக்கு. எனக்கு எங்க, பெரியவரே?"

லோர்னா சிரித்தாள். "ஒனக்கு எதுக்கு, உள்ள பூரா காத்துதானே."

நானும் சிரித்தேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது இதுதான்: நான் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அவ்வளவே. தண்ணீருக்குள் இறங்குவதும் இறங்காததும் ஒரு மனிதனின் சொந்த முடிவு. நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், நாய் எப்படியும் கரையேறிவிடும். அதைக் காப்பாற்றக் குதித்தவன்தான் போவான். ஒவ்வொரு வருடமும் செய்தித்தாளில் படிக்கிறார்கள். படித்துவிட்டுக் குதிக்கிறார்கள்.

அவர்கள் முகாமுக்குப் போன சனிக்கிழமை பகலெல்லாம் மழை. ஞாயிறு விடிந்ததிலிருந்து காட்டுப் பக்கமிருந்து காற்று. நான் முதல் நாளே மரம் வெட்டும் பாதை வழியாக வந்து ஆற்றின் அக்கரையில் புதர்களுக்குப் பின்னால் படகோடு இருந்தேன். ஆறு அங்கே அகலமில்லை. அவர்கள் பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது.

"மொத பான்கேக் எப்பவும் நாய்க்குத்தான். இது சட்டம்," என்றார் டுவேன்.

"நீ சுடுற எல்லா பான்கேக்கும் நாய்க்குத்தான் லாயக்கு."

"பாத்தியாடா கஞ்சி, ஒங்கம்மா வாய. அரிசோனா போனதும் நீயும் நானும் தனிக்குடித்தனம் போயிடலாம்."

சட்டியில் அடுத்த மாவு சீறியது. பிறகு லோர்னா, "நல்ல இடமாத்தான் பாத்துக் குடுத்திருக்கான்," என்றாள்.

"பாவம் மனுஷன். அங்க போனதும் ஒரு தடவ வரச் சொல்லணும். கஞ்சியப் பாத்துட்டுப் போகட்டும்."

"வந்தா வாயத் தொறக்க மாட்டான்."

"பரவால்ல விடு. நாம ரெண்டு பேரு பேசுறதே ஊருக்குப் போதும்."

அதைக் கேட்டபின் மனம் மாறவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். அவர் குரலில் கேலி இல்லை, உண்மையான இரக்கம் இருந்தது. பாத்துட்டுப் போகட்டும் என்றார். என் நாயை, நான் பார்த்துவிட்டுப் போகலாம்.

டுவேன் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். "போ, ஓடு. இங்க யாரு கேக்கப் போறா." ஓட்ஸ் ஜாக்கெட்டோடு கரைக்கு வந்து தண்ணீரை நக்கினான். நான் விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தேன்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான். நடு ஆற்றுக்கு வருவதற்குள் நீரோட்டம் அவனைத் திருப்பி ஏரிக்குள் கொண்டுபோனது. ஆரஞ்சுப் புள்ளியாக அவன் சின்னதாகிக்கொண்டே போனான். டுவேன் கையிலிருந்த தோசைத்திருப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஓட்ஸ்," என்று கத்தினார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

அந்தக் குளிரில் விழுந்தவன் முதலில் செய்வது மூச்சை உள்ளே இழுப்பது. அது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. தலை தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. அவர் தலை மேலே இருந்தது. இருமினார், சுழன்றார், பிறகு கைகளை வீசிப்போட்டு நீந்த ஆரம்பித்தார். கூரைத் தொழில் செய்பவரின் தோள்கள். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக நாயை எட்டிவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நான் தவறு செய்திருந்தேன். அந்த ஜாக்கெட் இரண்டு பேரையும் தாங்கியது. மலிவானதாக வாங்கியிருந்தால் தாங்கியிருக்காது. அவர் மார்பை நாயின் மேல் சாய்த்துக்கொண்டு காலால் மட்டும் உதைத்து, கரைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். லோர்னா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் பெயரைக் கூவினாள்.

நான் படகைத் தள்ளினேன். துடுப்பு போடுபவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் அவர் முகத்தை நான் பார்ப்பதற்கு முன் அவர் குரலைத்தான் கேட்டேன்.

"பெரியவரே. அட கடவுளே. பெரியவரே."

எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. உதடு நீலமாக இருந்தது, ஆனாலும் சிரித்தார். "கஞ்சிய மொதல்ல ஏத்துங்க. என் கை வேல செய்யல."

கைப்பிடியைப் பிடித்து ஓட்ஸைத் தூக்கிப் படகில் போட்டேன். அவன் உதறிக்கொண்டான். டுவேன் படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றினார். நான் துடுப்பை வளையத்திலிருந்து கழற்றி, செங்குத்தாகப் பிடித்து, அவர் வலது கை விரல்களின்மேல் இறக்கினேன். அவர் கையை எடுக்கவில்லை. விறைத்திருந்ததால் வலி தெரிந்திருக்காது. விரல்கள் தப்பான திசையில் மடங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார். கோபமே இல்லை. ஆணியைத் தப்பான இடத்தில் அடிக்கும் ஆளைக் கேட்பதுபோலக் கேட்டார்.

 இடது கையையும் அப்படியே செய்தேன். பிறகு தலையில். ஈரத் துடுப்பு மண்டையில் படும் சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது. புத்தகத்தை மேசையில் வைப்பது போன்றது. நெற்றி திறந்துகொண்டது. அவர் திரும்பி நீந்தப் பார்த்தார். துடுப்பின் முனையை அவர் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். அவர் எழுந்தார், மீண்டும் அழுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக எழுவது நின்றது.

ஓட்ஸ் பயந்துவிட்டான். பயத்தில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் தையல் போட வைத்த அளவுக்குப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை, பாவம்.

கரைக்கு வந்தேன். லோர்னா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் காரை நோக்கி ஓடி, கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி டுவேனின் காற்சட்டைப் பையில் இருந்தது. நான் பேசத்தான் போனேன். சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன்: அரிசோனாவில் தார்ச்சாலையில் நாய்களின் பாதம் வெந்துபோகும், பாம்பு அதிகம், அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது. அவள் கேட்கும் நிலையில் இல்லை. அடுப்பின் மேலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து என்மேல் வீசினாள். அது என் தோளில் பட்டது.

"ஏன்டா?" என்றாள். கூவிக் கூவிக் குரல் கம்மியிருந்தது. "எதுக்குடா?"

"ஓட்ஸுக்காக," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, ஆர்விட். வாயத் தொறந்து வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அது உண்மையாக இருக்கலாம். நான் இதை நிறைய யோசித்துவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னது முறையல்ல. எல்லாம் முடிந்தபின் ஒருவனிடம் அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்ய முடியும். சிறு விறகு பிளக்கும் கைக்கோடாரி, கட்டையில் குத்தியபடி என் அருகே நின்றது. அவள் திரும்பி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அடித்தேன். ஒருமுறை போதவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். பொத்தான்கள் தெறித்தன. பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்குள் அது புதிதல்ல.

அடுப்பில் ஒரு பான்கேக் கருகி, காற்றில் கரிந்த வாடை. அடுப்பை அணைத்தேன். காட்டுப் பகுதியில் நெருப்பை அப்படியே விடக் கூடாது. வேறொன்றை எடுத்து ஓட்ஸுக்கு நீட்டினேன். அவன் லோர்னாவின் கையருகே படுத்திருந்தான், வாங்கவில்லை. நான் கொஞ்சம் நெருங்கியபோது பல்லைக் காட்டினான். களைப்பு. கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு மேசையருகே உட்கார்ந்தேன். அவன் தானாக வருவான் என்று காத்திருந்தேன். ஏரி மிக அமைதியாக இருந்தது. மீன் பிடிக்க வந்தவர்கள் எங்களைப் பார்க்கும்வரை நான் அங்கேதான் இருந்தேன். ஓடிப்போக முயலவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஆம். இரண்டையும் நான்தான் செய்தேன். அந்த இடத்தை அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். கோபத்தில் செய்ததல்ல, கோபப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், இடது கையால் போடுகிறேன்.

ஓட்ஸ் விஷயம் மட்டும் பாக்கி. லோர்னாவின் தங்கை அவனைக் கேட்கிறாள் என்கிறீர்கள். இன்று காலை அவனை இந்த அறை வாசல்வரை கூட்டிவந்தபோது, என் குரலைக் கேட்டதும் அவன் தரையோடு படுத்துச் சிறுநீர் விட்டான் என்று உங்கள் குறிப்பில் எழுதுகிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். நீங்கள் நாய் வளர்த்ததில்லை போலிருக்கிறது. அவன் என்னைக் கண்டு நடுங்கவில்லை. கிழட்டு உடம்பு, அவ்வளவு குளிர்ந்த தண்ணீர். ஒரு நாளில் விட்டுவிடுமா? ஒரு கம்பளியும் அவன் மாத்திரையும் கொடுத்து என்னிடம் விடுங்கள், சரியாகிவிடுவான்.